பட்டுப் பாவாடை போர்த்திய கம்ப்யூட்டர்

நாற்பதைத் தாண்டி ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் போகலாம். கையில் செல்போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவர்களுக்குத்தான் விளங்கும். தூசி பறக்கக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய நின்றுகொண்டு, முதன்முதலாக அந்தப் பொத்தானை அமுக்கிய நாள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று சத்தம் வந்ததும் அப்பா சூடம் காட்டினார். கீழ்வீட்டு மாமி படியேறி வந்து, "உங்காத்துல கம்ப்யூட்டர் வந்துடுத்தாமே" என்று கேட்டு, திரைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

என் கோபம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'இந்தம்மா எங்கே போகுது' என்று நீங்கள் முழிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர், கம்ப்யூட்டரை எரித்தவள். என் கல்யாண வரவேற்பில் அண்ணன் மைக்கை வாங்கி, "மாப்பிள்ளை, மிக்ஸிய மட்டும் இவ கையில குடுத்துடாதீங்க, ஸ்பீட ஏத்திடுவா" என்றான். மண்டபமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்படி எத்தனை விசேஷத்தில் சிரித்திருக்கிறேன். போன மாதம் வரைக்கும், அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் எரித்தேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன் ஐயா. நான் எரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில், முதல் மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தி.நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு மேட்சிங் சென்டர். ஜாக்கெட் துணி, லைனிங் துணி, சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸ், இவ்வளவுதான் சரக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய கடையில் துணி மடித்துப் போட்டு, அப்புறம் சொந்தமாகப் போட்ட கடை. சேலையைக் கொண்டு வந்தால் அப்பா ட்யூப்லைட்டில் பார்க்க மாட்டார். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுக்கிலிருந்து அதே நிறத்தை ஒரே இழுப்பில் உருவுவார். 'நிறம் விஷயத்தில் என் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது' என்பது அவருடைய பெருமை. வேறு விஷயத்தில் ஏமாற்றினார்கள்.

அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவன் படிப்புக்கென்று வந்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, கடைக்காரரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தார். நான் பத்தாம் வகுப்பு. என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மதர்போர்டு என்கிற பச்சைப் பலகையில் ஒவ்வொன்றாகச் செருகச் செருக, நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜூஸ் குடிக்கப் போய்விட்டான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே அது யாருடைய கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படிப்பாவது ஒன்றாவது. அண்ணன் அதில் கார் ரேஸ் விளையாடினான். நானும்தான். ஒரு நாள் அசோக் நகரிலிருந்து அவன் சிநேகிதன் வந்தான். அவன் வீட்டில் விளையாட்டுக்கென்றே தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர். எங்கள் திரையில் கார் விக்கி விக்கி ஓடியதைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சி, கார் ஓடுதா, மாட்டு வண்டி ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, அம்மா கொடுத்த முறுக்கைக் கடித்தான். அண்ணனுக்கு முகம் சுண்டிப் போனது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது.

லஸ் பக்கம் பழைய புத்தகம் விற்கிறவரிடம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை கிடைத்தது, அட்டை கிழிந்தது. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். சிப்புக்கு என்று ஒரு வேகம் எழுதி விற்கிறார்கள். ஆனால் சூட்டைச் சமாளிக்கத் தெரிந்தால் அதற்கு மேலும் ஓடும். ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மதர்போர்டில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு ஊசியைச் சேர்த்து மூடுகிற மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புத் தொப்பிகள். ஜம்ப்பர் என்பார்கள். எந்த ஊசிக்கு எந்தத் தொப்பி என்பதில்தான் வேகம் இருக்கிறது. அண்ணனிடம் காட்டினேன்.

"வேணாம், அப்பா தோலை உரிச்சுடுவார்," என்றான்.

"நான் பண்றேன். நீ டார்ச் மட்டும் பிடி."

சடையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அதன் முனையால் தொப்பியை நெம்பி எடுத்து, அடுத்த ஊசியில் போட்டேன். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது. அண்ணன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுச் சாமி அலமாரி பக்கம் பார்த்தான். பேராசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. பழையபடி வைத்து, ஒரே ஒரு படி மட்டும் ஏற்றினேன். 'பீப்' என்றது. கார் ரேஸைப் போட்டோம். வளைவில் திரும்பும்போது விக்கவில்லை. அண்ணன் என் தலையில் நங்கென்று குட்டி, "ஏய், நீ ஆளுடி!" என்றான். அந்தக் குட்டு இப்போதும் இனிக்கிறது, சொன்னால் வெட்கமாகவும் இருக்கிறது.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. 'பிராஜெக்டுக்கு வேணும்' என்று அண்ணன் அப்பாவிடம் சொல்வான். மெமரி ஒரு துண்டு வந்தது. செகண்ட்ஹேண்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. சிப்பின் மேல் உட்காருகிற ஃபேனுக்குப் பதிலாக, செம்பு அடிபோட்ட பெரிய ஃபேன் ஒன்று வந்தது. பெயருக்கு எல்லாம் அவன் வாங்கியது. ஆனால் என்ன வாங்குவது என்று சொன்னவள் நான், பூட்டியவளும் நான். சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையைத் தடவி அந்தச் செம்பை அமுக்கி உட்கார வைத்தபோது, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

ஆனால் நம் ஊர் வெயில் இருக்கிறதே. மத்தியானமானால் படம் அப்படியே உறைந்து நிற்கும். அம்மா பால் சூட்டைப் புறங்கையில் பார்ப்பது போல, நான் பெட்டிக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். கடைசியில் பெட்டியின் பக்கத் தகட்டையே கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே எல்லாம் திறந்து கிடக்கும், அதற்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் ஓடும். சூடு அடங்கிவிட்டது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏட்டி, இப்படித் தொறந்து போட்டா பல்லி போயி முட்ட வைக்கும்" என்று சொல்லி, எனக்குச் சின்னதாகிப்போன பட்டுப் பாவாடையைக் கொண்டுவந்து பெட்டிக்குப் போர்த்தினாள். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. அப்பா தன் கண்ணாலேயே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கே நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். துணியை எடுக்காமல் யாரும் சுவிட்சைப் போடக்கூடாது. தகடு இல்லாத பெட்டி. சிப் ஃபேன் வெளிப்பக்கம் பார்த்து இருக்கிறது, காற்றை இழுக்கும்போது துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஃபேன் நின்றால் அந்த ரகச் சிப் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது, கருகிவிடும். அம்மாவிடம் சொன்னேன், அண்ணனிடமும் சொன்னேன். "சரிட்டி, சரிட்டி" என்றாள் அம்மா. அண்ணன் ஒரு நாள் பெட்டியின் மேல் கை வைத்து, "மாட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டுவோம், சரியா?" என்றான். நானும் அவன் கைமேல் கை வைத்தேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அது பெரிய நாள். அப்பாவின் கடைக் கத்தரிக்கோல், துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோல், எங்கள் புத்தகங்கள், எல்லாவற்றோடும் அந்த வருஷம் கம்ப்யூட்டரும் சேர்ந்தது. மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம். பெட்டிக்கு என் பட்டுப் பாவாடையை மடிப்புக் கலையாமல் போர்த்தி, மேலே ஒரு முழம் கதம்பம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சட்டம் உலகத்தில் கிடையாது.

சாயந்தரம் கடைப் பூஜைக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் தலைவலி என்று படுத்துக்கொண்டான். அம்மா வீட்டு விளக்கைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டாள். தி.நகர் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஷட்டருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய், காலில் ஒட்டுகிற குங்குமம், பொரியும் பொட்டுக்கடலையும் மணக்கிற மணம். கடையில் வேலை பார்க்கிற அக்காக்கள் புதுச்சேலை கட்டி, ஒருத்தர் சேலையை ஒருத்தர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடை வளையல்காரர் சுண்டலுக்கு வந்தார்.

"இன்னா பாப்பா, அடுத்து இன்னா படிக்கப் போற? கடைய பாத்துக்கப் போறியா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எம் பொண்ணு பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுக்கப் போறா. வீட்டுல கம்ப்யூட்டர பிரிச்சு மாட்டுதா அண்ணாச்சி. பையனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்பா அதைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கையிலிருந்த பொரியைத் தின்ன மறந்து நின்றேன். அவ்வளவு சந்தோஷம். அந்தச் சாயந்தரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது. ஏனென்றால் அதே நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரியும்.

மறுநாள் காலை மறுபூஜை. சூடம் காட்டி, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தோம். கம்ப்யூட்டரை அப்பாவே தொடங்கி வைக்கிறேன் என்றார். அப்போதுதான் பார்த்தேன், பெட்டியின் மேல் என் பாவாடை இல்லை. கடையிலிருந்து வந்த சிவப்பு ஜாக்கெட் துணி ஒன்று கிடந்தது.

"அம்மா, பாவாடை எங்க?"

"வெளக்கு எண்ண பட்டுட்டு. மாத்திட்டேன்," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். நான் மேலே கேட்கவில்லை. அம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்கிற வயது.

துணியை எடுத்துவிட்டு அப்பா பொத்தானை அமுக்கினார். 'பீப்' வரவில்லை. கரிந்த வாடை மட்டும் லேசாக வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார், ஒன்றுமில்லை. பூஜை செய்த பொருள் மறுநாள் காலையில் செத்துக் கிடக்கிறது. அப்பாவுக்கு அது கம்ப்யூட்டர் பழுது மட்டும் இல்லை, அபசகுனம். முகம் வெளிறிப் போய், அப்போதே சர்வீஸ்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

சர்வீஸ்காரர் வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார். செம்பு ஃபேனைக் கழற்றினார். சிப் நடுவில் பழுப்பாகப் பொரிந்திருந்தது. பிறகு போர்டை உற்றுப் பார்த்தார். "இன்னா சார் இது, ஜம்ப்பர் எல்லாம் இடம் மாறிக் கீது? ஸ்பீட ஏத்திக்கினு ஓட்டிக் கீறாங்க. ஓவர் சூடாயி சிப்பு வறுவலாப் பூட்ச்சு. யாரு சார் கை வெச்சது?"

அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்று சொன்னவன் அவன்தானே. முதலில் அவன் சொல்லட்டும், உடனே நானும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

"அவதான்," என்றான். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் கேக்கல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சூடத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை. முந்தின சாயந்தரம் ஊரார் முன்னால் என்னைத் தூக்கி வைத்த மனிதர் அவர். "சரி, விடு" என்று மட்டும் சொன்னார். நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அண்ணன் காட்டிக் கொடுத்ததற்காக மட்டும் இல்லை. நான்தானே ஜம்ப்பரை மாற்றினேன், என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று. அண்ணன் பயத்தில் சொல்லிவிட்டான் என்றுகூட அவனை மன்னித்தேன். மன்னித்தேன் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கும்போது அப்பா காமர்ஸ் என்று சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர் உனக்கு வேண்டாம் பாப்பா. கை துறுதுறுங்கும், எதையாவது செஞ்சுருவ. இது படிச்சா நாளைக்குக் கடைக்காவது ஆகும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எரித்தவளுக்குப் பேச என்ன உரிமை இருக்கிறது? புதுச் சிப் போட்டு வந்த கம்ப்யூட்டர், அண்ணன் அறைக்குள் போய்விட்டது. தகடு மூடியே இருந்தது. அதை நான் திறக்கவே இல்லை.

இப்போது நான் தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அடுத்தவர் கணக்கைப் பார்த்து ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறேன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு என்ன வேலை தெரியுமா? சிப் சூடாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. சிரிக்காதீர்கள், சத்தியமாக அதுதான்.

அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கரண்ட் பில் கட்ட வேண்டியிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் போனைக் கொடுக்காமல், வெளிநாட்டில் இருக்கிற அண்ணனைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார். "நீ எதையும் அமுக்கிராத பாப்பா" என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார். பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆறவில்லை.

போன மாதத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானும் அம்மாவும் பரணில் இருந்ததை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பித்தளைப் பாத்திரம் இருந்த ட்ரங்குப் பெட்டியின் அடியில், தினத்தாளில் சுற்றியிருந்தது அது. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அம்மா எப்போதோ சொன்ன பாவாடை. சந்தோஷத்தோடு விரித்தேன். நடுவில் வட்டமாகக் கிழிசல். சுற்றிலும் இழை இழையாக உருவி, முறுக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் கறுப்புப் பிசுக்கு.

எலி கடித்ததாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். செம்பு அடிபோட்ட அந்த ஃபேனை நான் எத்தனை தடவை துடைத்திருக்கிறேன், அதன் அளவு என் கைக்குத் தெரியாதா? துணி ஃபேனில் மாட்டியிருக்கிறது. அப்படியென்றால் துணி மேலே கிடக்கும்போது யாரோ கம்ப்யூட்டரை ஓட்டியிருக்கிறார்கள். பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இத வேலைக்காரம்மாட்ட குடுத்துட்டேன்னு சொன்னியே."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அதுவா? வெள்ளிச் சரிகைல்லா, தூக்கிப் போட மனசு வரல. எடுத்து வச்சேன், மறந்தே போனேன்."

"இது எப்படிக் கிழிஞ்சுது?"

"அந்த ஃபேன்ல சுத்திக்கிட்டு," என்றாள் அம்மா. டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டே, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். "நீயும் அப்பாவும் கடைப் பூசைக்குப் போயிட்டிய. இவன் ஒரே அழிச்சாட்டியம். வாடகைக்கு எடுத்த சிடியாம், காலைல திருப்பிக் குடுக்கணுமாம், ஒரு ஆட்டம் ஆடிக்கிடுதேம்மான்னு. பாவமா இருந்து. சரிய்யா, ஆடிக்க, ஆனா சாமிக்குப் போத்துன துணிய மட்டும் எடுத்துராத, மறுபூசை முடிஞ்சுதான் எடுக்கணும், தோசமாயிரும்னு நாந்தான் சொன்னேன். அவனும் எடுக்கல. கொஞ்ச நேரத்துல கருகுன வாட வந்துட்டு. ஓடிப் போயி, துணியப் பிச்சு எடுத்து, வேற துணிய மூடி வச்சேன்."

பூஜைப் பொருளைத் தொடலாம், விளையாடலாம், ஆனால் துணியை எடுத்தால் தோஷம். எங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் இப்படி ஒரு கணக்கு வரும். என் சட்டத்தை இரண்டு பேரும் காலில் போட்டு மிதித்திருக்கிறார்கள். போகட்டும், மறந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் நான் நடுக்கூடத்தில் நின்றபோது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நல்ல நாளும் அதுவுமா நானே ஆட விட்டேன்னு தெரிஞ்சா, உங்கப்பா என்னையும் சேத்துல்லா வெட்டிப் போட்டிருப்பாவ. அவனுக்குப் பரிச்ச வேற வந்துக்கிட்டிருந்து. நீ பொம்பளப் பிள்ள, ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுருவன்னு நெனச்சேன்."

"என் குரூப் போச்சேம்மா."

"இப்ப என்ன கொறஞ்சு போச்சு? ஏசி ரூம்ல உக்காந்துதான வேல பாக்க. நல்லாத்தான இருக்க."

அம்மா நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து வீடியோ கால். ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பார்க்கக் கூப்பிடுவான். போன் அம்மா கையில் இருந்தது. நான் வாங்கி, ட்ரங்குப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, பாவாடையை விரித்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். கிழிசல் வழியே அவன் முகம் தெரிந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"நான் அப்பவே சொல்லணும்னுதான் நெனச்சேன்," என்றான். "அம்மாதான் வேண்டாம்னு சொன்னா. அம்மாதான் கேக்கல."

அதே குரல். அன்றைக்குச் சர்வீஸ்காரர் முன்னால் நின்று பேசினானே, அதே வரிசை, ஆள் மட்டும் மாறியிருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். அவனுக்காக என்னைப் பலி கொடுத்தவள் அவள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் அவனைக் காப்பாற்றியவள். அவளையும் அவன் ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிட்டான். "நெட் சரியில்ல, அப்புறம் கூப்பிடுறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா டம்ளரைச் சாக்குக்குள் போட்டாள். சாக்கு மூட்டையின் வாயைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். 'இப்போது தெரிகிறதா' என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. எழுபத்தைந்து வயது. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. அன்றைக்குப் பாத்ரூமில் அழுத பெண்ணின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

கடைசியாகச் சுவரில் மிச்சமிருந்தது அப்பாவின் படம். சந்தன மாலையைக் கழற்றிவிட்டுக் கீழே இறக்கினேன். வண்டியில் போகும்போது கண்ணாடி உடைந்துவிடும், எதிலாவது சுற்ற வேண்டும். பழைய துணி எல்லாம் மூட்டைக்குள் போய்விட்டது.

"அந்தப் பாவாடையில சுத்துட்டி," என்றாள் அம்மா, மூட்டையைப் பார்த்தபடியே.

சுற்றினேன். பட்டு இன்னும் வழுவழு என்றுதான் இருந்தது. ஒரு தடவை சுற்றி, சரியாக வராமல் பிரித்து, மறுபடி சுற்றினேன். கிழிசல் அவர் முகத்துக்கு நேராக வரும்படி வைத்துக் கயிற்றைக் கட்டினேன். நிறம் விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாத கண். இப்போதாவது பார்க்கட்டும்.